காற்று அடங்கியதும்

செயலிழந்த சங்கங்களின் பட்டியலில் நாற்பத்தேழாவது:
இராமநாதபுரம் கடலோரப் பூப்பந்துக் கழகங்களின் கூட்டமைப்பு.
நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்.
செயலிழந்த நாளைக் குறித்து
முத்திரை குத்திக் கட்டி
பரண்மேல் போட வேண்டும்.

கட்டை அவிழ்த்ததும் மேசையெல்லாம் மணல்.
துடைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

ஏழு பருவம். ஆறு அணி.
தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம்,
கீழக்கரை, பாம்பன்,
சொந்த மைதானம் இல்லாத மண்டபம் ரயில்வே.
கச்சான் ஓய்ந்து வாடை எழும்புமுன்
இடையில் கிடைக்கும் நாற்பது நாளில்
எல்லா ஆட்டமும் முடிந்தாக வேண்டும்.
ஊதினால் உருளும் மஞ்சள் கம்பளிப் பந்து.
அதைக் கொண்டுபோய்க் கடற்கரையில் ஆடலாம் என்று
முதலில் சொன்னவர் யார்?
கோப்பில் அது மட்டும் இல்லை.

விதி ஒன்பது:
கம்பத்தில் கட்டிய துண்டு
நடுவரின் தோளுக்குமேல் பறந்தால் ஆட்டம் நிற்கும்.
இரண்டாம் பருவத்தில் ஒரு திருத்தம்:
நடுவரின் உயரம்
ஐந்தடி நாலங்குலத்துக்குக் குறையக் கூடாது.

கீழக்கரைத் தலைவர் சேகு நெய்னாவின் புகார்,
பச்சை மையில், மூன்று பக்கம்:
'இரண்டு செட்டிலும் காற்று
தேவிபட்டினத்துக்கே ஆடியது.'
தீர்ப்பு ஒரே வரி:
காற்று எந்த அணியிலும் பதிவுபெற்ற ஆட்டக்காரர் அல்ல.

பாம்பனில் ஓர் ஆட்டம்.
ரயில்வே வந்து சேர ஒன்றேகால் மணி நேரத் தாமதம்.
வாக்ஓவர் கேட்கிறது பாம்பன்.
கார்டு உமையவேல் பதில் எழுதுகிறார்:
'கப்பலுக்காகப் பாலம் திறந்திருந்தது.
எங்கள் ஐவரில் மூவர் ரயிலில்.
மற்ற இருவர் பாலத்தின் நெம்புகோலில்.
அவர்கள் இறக்கினால்தான் இவர்கள் வரலாம்.'
புள்ளியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள்.
கப்பலுக்கு எச்சரிக்கை அனுப்ப ஒருவர் முன்மொழிந்து
வழிமொழிய ஆளில்லை.

'அந்த லீக்கா? புயல்ல போச்சு சார்'
டீக்கடையில் சொன்னார்கள்.
பஸ்ஸில் கேட்டேன், அங்கேயும் புயல்.
கோப்பில் புயல் இல்லை.
ஒரு டஜன் பந்து எண்பத்தாறு ரூபாய் என்று
மதுரைக் கடை பில் இருக்கிறது.
பங்குப்பணம் நாலு ஊர் நிலுவை.
தேவிபட்டினத்தின் நடு ஆட்டக்காரர்
தம்மாமிலிருந்து போட்ட கடிதம்:
பருவத்தை ரம்ஜான் விடுமுறைக்கு மாற்ற முடியுமா?
பெரியபட்டினம் வலைக்கம்பங்களைப் பிடுங்கி
கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பு செய்துகொண்டது.
ஒரு பந்தை ஆடு தின்றது; அதற்கும் வவுச்சர்.

ஏழாம் பருவ இறுதியாட்டம், தொண்டி.
செட் ஒன்றுக்கு ஒன்று.
மூன்றாவதில் இருபத்தேழு, இருபத்தேழு.
துண்டு தோளுக்குமேல் எழுந்திருக்கிறது.
நடுவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்:
'காற்று அடங்கியதும் தொடரும்.'
அதற்கப்புறம் பதினொரு வெற்றுத் தாள்.

கடைசிப் பொருளாளர் ரொசாரியோவுக்குப் போன நோட்டீசுக்கு
நேற்று அவர் மகள் வந்தார்.
உறையில் நாற்பத்தொரு ரூபாய் ஐம்பது காசு.
'இருப்புன்னு எழுதித் தனியா வெச்சிருந்தாரு.'
ரசீது போட எனக்குத் தலைப்பு கிடைக்கவில்லை.
அந்த ஐம்பது காசு இப்போது செல்லாது என்பதையும்
சொல்லவில்லை.
எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.
'தொண்டி ஜெயிச்சிருச்சா?'
'இன்னும் இல்லை' என்றேன்.

நாள் என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது.
நாற்பத்தெட்டாவது ஒரு பால் கூட்டுறவு,
அதை முடித்துவிட்டேன்.
தாள் பறக்கிறதே என்று
மின்விசிறியை நிறுத்தினேன்.

இருபத்தேழு, இருபத்தேழு.
சர்வீஸ் பாம்பனுடையது.