முன்பாரம்

சங்ககிரி ரோட்டில் எடைமேடை.
பதினோரு வருஷமாய்
கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
குச்சிக்கிழங்கு, கோழித்தீவனம், கல்மாவு, பழைய இரும்பு.
ஏற்றிய எடையில் வெறும் எடையைக் கழித்தால் சரக்கு.
நாக்பூர் போகும் லாரியின் டயரை
ஆயிரம் முறை பார்த்தாயிற்று.
நாக்பூரைப் பார்த்ததில்லை.

ஆகவே ஒரு வண்டி.
பழைய பொலேரோவின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க,
இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க,
ஓரத்தில் ஒரு ஸ்டவ்.
மேலே கட்டுவது அப்புறம்.
முதலில் சேஸிஸ்.

இரும்புக்கடையில் காட்டினார்கள்,
ரிக்கோடு கம்ப்ரசர் சுமந்து வந்த டிராலி.
ஆறு அங்குலச் சேனல்,
துருவைச் சுரண்டினால் உள்ளே யானை நின்றது.
"இதும்மேல மலையவே வைக்கலாமுங்க."
மலை வேண்டாம்.
மலைக்குத்தான் போகிறேன்.

அடுத்தது டிராக்டர் டிப்பர்.
அச்சு நேர், விலை கோணல், ஸ்பிரிங்கே இல்லை.
நாமக்கல்லில் முட்டை ஏற்றினால்
ராசிபுரத்தில் ஆம்லெட் இறக்கலாம்.

வெல்டர் செல்லாண்டி கேட்டார்,
"லோடு எத்தனை டன்னுங்க?"
"ரெண்டு ஆளு, ரெண்டு தலகாணி, இருவது லிட்டர் தண்ணி."
மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.
திருச்செங்கோட்டில் இவ்வளவு கம்மியாய்
யாரும் சொன்னதில்லை போல.
"அஞ்சு எம்எம் போட்டர்லாமுங்க, ஒரு தைரியத்துக்கு."
"தைரியம் எங்கிட்ட இருக்குது. மூணு எம்எம் போதும்."

மூன்றுக்கு ஒன்றரை பாக்ஸ் பைப்.
எட்டடி நீளம், ஐந்தடி அகலம்,
முன்னால் கும்பிட்ட கைபோல் கூம்பி ஒரு மூக்கு.
மூலைக்கு மூலை நானே டேப் பிடித்தேன்.
நாலு மில்லி வித்தியாசம்.
வெட்டிச் சேர்க்கச் சொன்னேன்.
டீக்குப் போனவர் வெகு நேரம் கழித்து வந்தார்.
இருபது கிலோவுக்குச் சட்டையைப் பிடிக்கிற லாரிக்காரர்களிடம்
சம்பளம் வாங்கிப் பழகியவள் நான்,
காத்திருந்தேன்.

ஆம்னியின் பின்அச்சு, பட்டையோடு.
துள்ளாமலிருக்க ஒரு பட்டையை உருவிக்கொண்டோம்.

ஆடியில் குருநாதன் வந்தார்.
வருஷத்தில் ஒன்பது மாசம் ரிக்குதான் அவருக்கு வீடு.
சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.
"வண்டியில படுத்துப் படுத்து
முதுகே ராடு மாதிரி ஆயிப்போச்சு.
எனக்கு ஊட்டுல மெத்தை இருக்குது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது,
அதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை லுங்கியோடு வந்து
சும்மா உட்காருவதுபோல
பின்சட்டத்தில் உட்கார்ந்தார்.
மூக்கு விருட்டென்று என் இடுப்புக்கு எழும்பியது.
"பாத்தியா, பின்பாரம். அறுவதுல போனா வாலாட்டும்.
அச்ச நாலு வெரக்கடை பின்னால தள்ளோணும்."

மூக்கை அமுக்கி நானும் ஏறி உட்கார்ந்தேன்.
அவருக்கு எடை அதிகம், எனக்குத் தூரம் அதிகம்.
சட்டம் ஒரு ஆட்டம் ஆடி
மட்டமாய் நின்றது.
நாலு காலும் தரையில் இல்லை.
தளம் போடாத இரும்புக்கு நடுவே
அடுத்த வீட்டுக் கோழி ஒன்று
தலையை ஆட்டியபடி கடந்துபோனது.

"எங்க போறதுக்கு இது?"
"நாக்பூரு."
"அங்க என்ன கெடக்குது, புழுதி."
"நீங்க பாத்துட்டீங்க."

இறங்கினால் மற்றவர் குப்புற விழவேண்டும்.
ஆகவே ரொம்ப நேரம் பேசினோம்.

சாயங்காலம் எடைமேடையில் உருட்டி ஏற்றினேன்.
நூற்று எழுபது கிலோ.
சீட்டில் சரக்கு என்ற இடத்தைக் காலியாய் விட்டேன்.
முதலாளி அறுபது ரூபாயைக்
கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை செல்லாண்டி வருகிறார்.
அச்சு எங்கே வரவேண்டுமென்று
குருநாதன் சாக்பீஸில் கோடு போட்டிருக்கிறார்.
அவர் தூங்கிய பிறகு அளந்து பார்த்து
அரை விரல் தள்ளி
நான் ஒன்று போட்டேன்.