கீழே

பஹாவ் பஸ் நிலையப் படியில்
மூன்றாவது தடவை விழுந்த பிறகுதான்
சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி.

டாக்டர் பேனாவை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
மேலே போனது. கொஞ்ச தூரம் கூடப் போனேன்.
கீழே இறக்கினார்.
பேனா இறங்கியது. நான் அங்கேயே நின்றேன்.

பிறகு, சுவர்க் கடிகாரத்தையே பார்க்கச் சொல்லி
என் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார்.
"கண்ணு இறங்குதே!" என்றாள் தனபாக்கியம்.
லோரி ஓடும். ரோடும் சரி.
கிராணியின் சீட்டுதான் வந்து சேரவில்லை.

இப்போது என் தட்டு
மைலோ டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.
அப்படியும் பாதிச் சோறு மிச்சம்.
"பசிக்கலையா?"
அங்கே சோறு இருந்ததே எனக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருஷம் செம்பனை வெட்டினேன்.
அண்ணாந்தே பார்த்திருப்பான் என்று நினைப்பார்கள்.
இல்லை. பழுத்த குலையைத்
தரையில்தான் பார்க்க வேண்டும்.
மரத்தடியில் பத்து உதிரி கிடந்தால்
அரிவாளைத் தூக்கலாம்.

நேற்று வேலியோர மரத்தடியில் நின்றோம்.
டொக்கென்று ஒன்று விழுந்தது.
தனபாக்கியம் குனிந்து எண்ணினாள்,
ஆறு, ஏழு...
நான் எதிரே இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே
"இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.