பாகத்தில் சேராதது

பாகப் பத்திரத்தில்
கிணறு பொது, மோட்டார் பொது,
மாடி எனக்கு, கீழ்வீடு தேவநாதனுக்கு.
ஸ்கேனரை எழுத மறந்துவிட்டார்
மஞ்சக்குப்பத்து வக்கீல்.

அது கீழே கிடந்தது, அவன் அறையில்,
பழைய கம்ப்யூட்டரோடு ஒரு வயரில் கட்டுண்டு.
விண்டோஸ் அதை யாரென்றே தெரியாது என்றபோது
லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.
பேச்சு இருந்த காலம் அது.

இப்போது மாநகராட்சிக்கு
வரிப் பெயர் மாற்ற நாலு தாள் வேண்டும்.
அவன் மகள் நிறைமதியிடம் கேட்டனுப்பினேன்.
"நெட்வொர்க்குலதானே, எடுத்துக்கட்டும்" என்றானாம்.

ராத்திரி பதினொன்று.
காற்று திரும்பி சிப்காட் வாடை வந்தது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
மேலிருந்தபடியே கீழ்வீட்டுக்குள் நுழைந்தேன்.
பாஸ்வேர்டு மாறவில்லை:
கதவு எண், அப்பா இனிஷியல்.

யார் யார் வரலாம் என்றொரு பட்டியல்.
அதில் என் முகவரியும் இருந்தது,
முன்னால் ஒரு வேலிக்குறியோடு.
அவன் போட்டதா, நானே என்றோ போட்டதா, தெரியாது.
குறியை மட்டும் அழித்தேன்.
வரி உயிர்பெற்றது.

ஆனாலும் "ஸ்கேனர் எதுவும் இல்லை" என்றது.
இருக்கிறது, தொடத்தான் அனுமதி இல்லை
என்பதைத்தான் இந்த இயந்திரங்கள்
அப்படிச் சொல்லும்.
பகிரும் சேவையைக் குழுவில் சேர்த்து
மறுபடி எழுப்பினேன்.

சோதனைக்கு ஒரு தரம் அழுத்த,
என் பாதத்துக்கு அடியில், தளத்துக்கும் அடியில்,
விளக்கு முனகிக்கொண்டு நகர்ந்தது.

வெறும் கண்ணாடிதான் வரும் என்றிருந்தேன்.
வந்தது ஒரு தாள், சாய்வாக,
அவன் எடுக்க மறந்தது.
ஓரத்தில் டீ தம்ளரின் வட்டம்.
பெரியாஸ்பத்திரி முத்திரை.
தேவநாதன், ஆண், நாற்பத்து மூன்று.
கிரியேட்டினின் என்ற சொல்லுக்கு எதிரே
நாலு புள்ளி இரண்டு.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

அழிக்கவில்லை.
பெயரும் வைக்கவில்லை.
சோதனை ஒன்று என்றே கிடக்கிறது.

தாளைக் கண்ணாடியில் வைக்க
எந்தக் கட்டளையும் இல்லை.
எட்டு மாதம் கழித்துக் கீழே இறங்கினேன்.

கண்ணாடி துடைத்து வைத்திருந்தான்.
"மேல வருதா?"
"வருது."
"நேரா வருதா?"
"கொஞ்சம் சாய்ஞ்சு."
மூடியைப் பிடித்த கை
அப்படியே நின்றது, ஒரு நொடி, இரண்டு நொடி.
பிறகு என் முதல் தாளை வாங்கி
மூலை அம்புக்குறியில் ஒட்டி வைத்து அமுக்கினான்.
"போ, போய் அழுத்து. நான் மாத்தி மாத்தி வைக்கிறேன்."

ஒன்று.
இரண்டு.
மூன்றாவது மங்கல், மறுபடி.
நாலு.

வேலை முடிந்தது.
விரல் அதே பொத்தானில் இருந்தது.
இன்னொரு முறை அழுத்தினேன்.

விளக்கு நகரும் சத்தத்தின் ஊடே
கீழேயிருந்து கத்தினான்:
"தாள் தீந்துபோச்சுக்கா!"