படம் ஒட்டிய இருக்கை

நாள் தள்ளிப்போய்ப் பத்தொன்பதாவது காலை
நான்காம் எண் டிராமைப் பணிமனையிலிருந்து எடுக்கிறேன்.
சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவும் பொத்தானை
அழுத்தும்போதெல்லாம்
வாயில் இரும்பு ருசி.
ரீகாவின் தண்டவாளங்கள் முழுவதையும்
என் நாக்கின் மேல்தான் போட்டிருக்கிறார்கள்.

சந்தை நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள்
புகையிட்ட மீனோடு ஏறுகிறார்கள்.
போன மாதம்வரை அது மீன்.
இப்போது தொண்டைக்குள் நீளும் ஒரு கை.
சன்னலை விரற்கடை திறக்கிறேன்.
பனி உள்ளே வருகிறது,
மீன் வெளியே போகவில்லை.

கம்பளிச் சட்டை உரசினால் மார்பு வலித்துக் கண்ணில் நீர்.
கடைசி நிறுத்தத்துக் கழிப்பறை வரை
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.
வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவது
தூக்கமல்ல, யாரோ மின்சாரத்தை நிறுத்துவது.
எல்லாவற்றையும் காட்டிஸிடம் புகாராகச் சொல்கிறேன்.
உள்ளுக்குள் எண்ணிக்கொள்கிறேன், சம்பளக் காசு போல.
ஒன்றும் குறையக்கூடாது.

போன ஆண்டும் இப்படித்தான் எண்ணினேன்.
ஒன்பதாம் வாரத்தில் எண்ண ஒன்றுமில்லாமல் போயிற்று.

கலைந்தது என்கிறோம்.
மேகம் கலைகிறது. கூட்டம் கலைகிறது.
தலைமுடி கலைந்தால் சீவிக்கொள்ளலாம்.
அதே சொல்லை இதற்கும் வைத்தவர் யாரோ,
குளியலறைத் தரையைக்
கழுவ வேண்டியிராதவர்.

ஏழாம் வாரச் செவ்வாய், குமட்டல் வரவில்லை.
கறுப்பு ரை ரொட்டி, வெண்ணெய், எல்லாம் இறங்கிற்று.
பசியாறியதற்காக யாராவது அழுவார்களா?
பணிமனைக் கழிப்பறையில், வெள்ளைத் தாளில்,
தேநீர்க் கறை அளவு பழுப்பு.

"சிவப்பா?"
"பழுப்பு."
"பட்டை நனைகிறதா?"
"இல்லை. துடைத்தால் மட்டும்."
தொலைபேசியில் தாதி சர்மீத்தேயின் குரலில்
அவசரமில்லை, அலட்சியமுமில்லை.
நாலில் ஒருத்திக்கு இப்படிக் கொஞ்சம் கசியும்,
அவர்களில் பாதிக்கு மேல் பிள்ளை பெற்றுப் போகிறார்கள்.
குமட்டல் ஒருநாள் லீவு எடுக்கும்,
அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதே.
ஆனால் இதை எழுதிக்கொள், என்றாள்.
கால அட்டவணையின் பின்புறத்தில் எழுதினேன்:

மணிக்கொரு பட்டை நனைந்தால்.
கட்டி கட்டியாக விழுந்தால்.
வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் குத்தினால்,
தோள் முனை காரணமில்லாமல் வலித்தால்
(கரு தங்கக்கூடாத இடத்தில் தங்கியிருக்கலாம்).
கண் இருட்டினால். காய்ச்சல் அடித்தால்.
விடியட்டும் என்று இருக்காதே,
என்னையும் கூப்பிடாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

இதெல்லாம் இல்லையென்றால்
நாளை எட்டரைக்கு வா, பார்த்துவிடுவோம்.

"போன முறை நான் என்ன செய்துவிட்டேன்?"
"ஒன்றும் செய்யவில்லை."
"டிராம் அதிரும். அந்த இருக்கை..."
"நீ ஒன்றும் செய்யவில்லை, விஸ்மா."
இரண்டாம் தரம் சொன்னபோதுதான் காதில் விழுந்தது.

இன்று புதன். வேறொருவன் ஓட்டுகிறான்.
வயிறு தள்ளிய பெண்ணின் படம் ஒட்டிய இருக்கை.
பதினோரு ஆண்டாக ஒலிபெருக்கியில்
கர்ப்பிணிகளுக்கு இடம் விடுங்கள் என்று
சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.
உட்கார்ந்தேன்.

பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறினார்
பனிக்கட்டியில் துளை போடும் நீளத் திருகோடு ஒருவர்.
உறைந்த தௌகவாவில் தூண்டில் போடப் போகிறவர்.
படத்தைப் பார்த்தார். என் தட்டையான கோட்டைப் பார்த்தார்.
மறுபடி படத்தை.
"முழங்கால் வலி எனக்கு," என்றார் கூரையிடம்.
அவர் கைப்பொட்டலத்தில் புகையிட்ட மீன்,
என் மூக்குக்கு நேராக.

வயிறு புரண்டு எழுந்தது.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
சிரிப்பா ஓங்கரிப்பா, அவருக்குத் தெரிந்திருக்காது.

அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதே.
தீர்மானிக்கவில்லை, சர்மீத்தே.
எழுந்திருக்கவும் இல்லை.

பாலத்தின் ஏற்றத்தில் சக்கரம் ஒரு கணம் நழுவியது.
முன்னால் அந்தப் பையன்
மணல் தூவினான்.