கை எண்ணியவன்

புதன்கிழமை வந்தது கடிதம்.
அலோர் ஸ்டாரிலிருந்து, முத்திரை குத்தி:
அமிர்தவல்லி டீச்சர் ஒன்றாம் தேதி முதல்
வேறு பள்ளிக்குத் தலைமையாசிரியர்.
அவர் இங்கே வந்ததும் இப்படி ஒரு புதன்கிழமைதான்.
அன்றைக்கும் எங்களை யாரும் கேட்கவில்லை.
கேட்காததை நாங்களும் கவனிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம், கோலக்கெட்டில் பள்ளி மண்டபம்.
முப்பத்தொரு பிள்ளைகளுக்கு
ஐம்பது நாற்காலி நிறைந்த பெற்றோர், மற்றோர்.
பொன்னுரங்கம் மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"கிராணியைத் துரை போட்டான்.
மண்டோரைக் கிராணி போட்டான்.
பிள்ளைக்கு வாத்தியாரையும் துரையே போட்டான்.
தோட்டம் போய்விட்டது, துரை போய்விட்டான்,
இன்னும் நமக்கு ஆள் போடுவது மட்டும் போகவில்லை.
இனி தலைமையாசிரியரை நாம் தேர்ந்தெடுப்போம்.
மனு எழுதுவோம்."
கைதட்டலில் புறாக்கள் உத்தரம் விட்டுப் பறந்தன.

நான் சங்கத்தின் பொருளாளர்.
பகலில் ஆலை வாசலில் செம்பனை லோரி எடைபோடுகிறவன்.
காம்பு நீண்ட குலைக்கு எத்தனை கிலோ வெட்டுவது,
மழையில் நனைந்து வந்த பாரத்தில்
தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் கண்ணாலேயே தெரியும்.
அதனால் கை எண்ண என்னை நிறுத்தினார்கள்.

நாற்பத்திரண்டு.
கைக்குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கியவள்,
கல்யாணமே ஆகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று
தூக்கிய இரண்டு இளவட்டம்,
பக்கத்து ஆள் தூக்கினதால் தூக்கினவர்கள்.
இதில் எதை வெட்டுவது?

அப்போது தேவகுஞ்சரி எழுந்தாள்,
கையுறை ஃபேக்டரிச் சட்டையோடு, தூங்காத கண்ணோடு.
"அண்ணே, உங்களைத் தேர்ந்தெடுத்துப் பதினோரு வருஷம்.
எதிர்த்து நின்றவர் யார்?
போன வருஷம் நான் நிற்கிறேன் என்றேன்.
கூட்டத்தை என் ஷிப்ட் நேரத்துக்கு மாற்றினீர்கள்."

யாரோ இருமினார்.

"இந்த டீச்சரை ஓட்டுக்கு விட்டிருந்தால்
யார் போட்டிருப்போம்?
வெளியூர். நம்ம சாதி இல்லை.
திருவிழாவுக்கு நன்கொடைச் சீட்டு வாங்கமாட்டார்.
என் மகன் பசியோடு வருகிறான் என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.
அவர் கண்டுபிடித்தார்."

சரிதான் என்று தோன்றியது.
உடனே பின்வரிசையில் சன்னாசி கத்தினார்:
"இவருக்கு முன்னால் வந்தவரும் கடிதத்தில்தானே வந்தார்!
மூன்று வருஷம் மேசையில் தூங்கினார்.
எட்டு மனு போட்டோம். ஒன்றுக்குப் பதில் உண்டா?"
அதுவும் சரிதான்.
என் தராசில் முள் நிற்கவே இல்லை.

டீச்சரைப் பேசச் சொன்னார்கள்.
கடைசி வரிசையில் இருந்தவர் எழுந்துவந்து
மேசைமேல் ஒரு சாவியை வைத்தார்.
"பிஸ்கட், மைலோ இருக்கிற அலமாரி.
அரசாங்கப் பொருள் பட்டியலில் இது இல்லை.
புதிதாக வருகிறவரிடம் ஒப்படைக்க எனக்கு உத்தரவும் இல்லை.
காலை ஏழுக்கு யாராவது திறக்கவேண்டும்.
ஏழு பிள்ளைகள்."

கை தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டு கையும்
மடியிலும் சட்டைப்பையிலும் எங்கேயோ இருந்தன.
பொன்னுரங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
ஆதரவு நாற்பத்திரண்டு. எதிர்ப்பு மூன்று.
கீழே, பழக்கத்தில்,
மழைப் பாரம் கழிக்கப்படவில்லை என்று எழுதி
பிறகு அடித்துவிட்டேன்.
அடித்தது இன்னும் படிக்க முடிகிறது.

சாவி என்னிடம் இருக்கிறது.
எடுத்தேன் என்று சொல்லமாட்டேன்,
மேசையைத் துடைக்கும்போது கையோடு வந்துவிட்டது.
ஆலை ஏழரைக்குத்தான்.

அடுத்த புதன்கிழமை அடுத்த கடிதம்.
ஒரு பெயர், ஒரு தேதி.
தேவகுஞ்சரியின் மகன் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று,
வாயோரம் மைலோ காயாமல்,
அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான்.
சந்தேகமாயிருந்ததோ என்னவோ,
இன்னொரு தடவையும்.