பதினோரு ஃபிரேம்

நுப்புவுக்கு முதலில் புருவம் இருந்தது.
ஹில்ப்பா அதை நாற்பது விதமாய் வளைத்தாள்:
சோகம், பெருஞ்சோகம்,
மன்னித்துவிடு என்கிற சோகம்.
கண்மணியைப் பெரிதாக்கி ஈரம் தடவினாள்.
உதட்டோரம் ஒரு நடுக்கமும் வைத்தாள்.

விளையாடிப் பார்க்க வந்தவர்கள்
அழகாயிருக்கிறது என்றார்கள்.
பாலம் இடிந்து அது விழும் இடத்தில்
ஒருவர் கொட்டாவி விட்டார்.
பிஸ்கட் இருக்கிறதா என்றார் இன்னொருவர்.

தம்பெரேயில் அப்போது மூன்று மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே
பனியைக் கீறிக்கொண்டு டிராம் போகும்.
நான் நிரல் எழுதுகிறவன். முகம் என் வேலை இல்லை.
கூப்பிட்டால் நுப்பு திரும்ப வேண்டும்,
அவ்வளவுதான் என் பொறுப்பு.
அதிலும் ஒரு பிழை:
பொத்தானை அழுத்திப் பதினோரு ஃபிரேம் கழித்தே
திரும்பியது.

வெள்ளிக்கிழமை சரிசெய்வதாய்க் குறித்திருந்தேன்.
வியாழனன்று தொர்ஸ்தி வந்தார்.
டிராம் ஓட்டுகிறவர், சீருடைகூட மாற்றவில்லை,
இலவசக் காப்பிக்குத்தான் வந்தேன் என்றார்.

பாலத்துக்கு முன்னால் கூப்பிட்டார்.
நுப்பு உடனே திரும்பவில்லை.
தன் அளவுக்கு மீறிய கோட்டுக்குள்
எதையோ முடிவு செய்வதுபோல் நின்று,
பிறகு.
மறுபடி கூப்பிட்டார்.
மறுபடி அந்தத் தயக்கம்.

கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டார்.
"இதற்கு வர மனமில்லை" என்றார்.
"கடைசி நிறுத்தத்தில் சிலரை எழுப்புவேன்,
வீட்டுக்குப் போக விரும்பாதவர்கள்.
இப்படித்தான் திரும்புவார்கள்."
மனம் என்று நாங்கள் எதையும் எழுதவில்லையே,
பாலத்தைத் தாண்டினால்தான் கதை நகரும் என்றேன்.
"நகராவிட்டால் என்ன?"

காப்பியில் ஆடை படரும்வரை
திரைக்குள் பெய்கிற பனியைப் பார்த்தபடி
அதற்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.

ஹில்ப்பா அன்றிரவு புருவத்தை அழித்தாள்.
உதடு போயிற்று, ஈரமும் போயிற்று.
இரண்டு புள்ளிகள் மட்டும் மிச்சம்.
"மீதியை வருகிறவர்கள் கொண்டுவருவார்கள்" என்று
விளக்கை அணைத்துக் கையுறையைத் தேடினாள்.

என் பட்டியலில் அந்தப் பிழை இன்னும் திறந்தே கிடக்கிறது.
புதிதாய்ச் சேர்ந்த ஊர்மஸ்
வாரம் தவறாமல் கேட்கிறான்,
இதை மூடிவிடவா என்று.

வேண்டாம் என்றுதான் சொல்வேன்.
ஆனால், உடனே அல்ல.