எட்டா, மூன்றா

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
துப்பாக்கிகள் ஸ்டேஷனுக்கு வரத் தொடங்கும்.
சாக்கில் கட்டி, பிளாஸ்டிக் பாயில் சுருட்டி,
ஒன்று மட்டும் கல்யாணப் பட்டுவேட்டியில்.
குலசேகரத்தில் மொத்தம் பத்தொன்பது.
வங்கிக் காவலாளிகள் இருவருக்கு விலக்கு.
முகம் பார்த்து வாங்குவதில்லை நான்.
உரிமப் புத்தகத்தில் ஓர் எண்,
இரும்பில் ஓர் எண்.
இரண்டும் ஒத்தால் ரசீது.

ரசலையன் கொண்டுவந்த ஒற்றைக்குழலில்
நாற்பத்தொன்று வரைக்கும் சரி.
அப்புறம் இடப்பக்கம் மழுங்கிய ஒரு வளைவு.
பிறகு ஏழு.
புத்தகம் சொல்வது 4187.
இரும்பு 4137 என்றும் சொல்லலாம்.

சாக்பீஸ் தூள் தடவினேன்.
தாள் வைத்துப் பென்சிலால் உரசினேன்,
பள்ளியில் எட்டணாவை உரசி எடுத்தது போல.
அன்றைக்குச் சிங்கம் வரும்.
இன்றைக்கு வந்தது வெறும் கரி.

"ஷீட் அடிக்கிற ஷெட்டிலதான் தொங்கும் மேடம்,
ஆசிட் தெறிச்சிருக்கும்.
விளையில மரச்சீனிய பன்னி கெளறிப் போடுது,
சத்தத்துக்கு ஒரு வெடி போட்டாத்தான் ஓடும்.
எப்பத் திருப்பித் தருவிய?"

ஆயுதச் சட்டம், பிரிவு எட்டு.
அங்கும் எட்டுதான்.
எண் அழிந்திருந்தால்
கையில் வைத்திருப்பவரே அழித்தார் என்று கொள்ளும்,
மாறாக நிரூபிக்கப்படும்வரை.

வாசித்துக் காட்டினேன்.
அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.
ரப்பர் பால் கறுத்த விரல்கள்,
நகக்கண்ணில் ஆசிட் தின்ற மஞ்சள்.
"ரேஷன் கடை மெஷினே
நான்தான்னு ஒத்துக்கிடாது மேடம்.
பத்து விரலையும் வச்சுப் பாக்கணும்."

துப்பாக்கி திருநெல்வேலிக்குப் போனது,
அரக்கு முத்திரையோடு,
ஆரல்வாய்மொழிக் காற்றைக் கடந்து.
ஆய்வகத்திலும் ஆசிட்தான் தடவுவார்களாம்.
எண் அச்சின் மேல் சுத்தியல் விழுந்த அன்று
இரும்பு உள்ளே வெகுதூரம் நசுங்கியிருக்குமாம்.
மேல்தோல் போனாலும்
பட்ட அடி அடியில் கிடக்குமாம்.
பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துடைக்க
மெல்ல எழும்,
மறைவதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும்.
கொண்டுபோன ஏட்டு சொன்னது இது.
அவர் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்.

அறிக்கை வருவதற்குள்
ஓட்டு எண்ணி, வெடி போட்டு, கொடி இறக்கி,
மற்ற பதினெட்டும் வீடு சேர்ந்திருந்தன.
உறைக்குள் ஒரே ஒரு படம்.
சாம்பல் நிறத்தில், சாளைமீன் செதில் போல மங்கி,
எட்டு.

ரசலையன் கையெழுத்துப் போட்டார்.
மரச்சீனி பற்றிக் கேட்டேன்.
"அது போச்சு" என்றார்.
குழலைச் சாக்கில் நுழைத்துக்கொண்டே,
சிரிக்காமல்,
"ரேஷன் மெஷினுக்கும்
இப்பிடி ஒரு ஆசிட் உண்டுமா மேடம்?"

பதிலில்லை என்னிடம்.
பதிவேட்டைத் திறந்து
அந்த எட்டை மட்டும் அழுத்தி எழுதினேன்,
அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழும்படி.